சிங்கப்பூரில் ஒன்றரை நாள்: வயதான அம்மாவுடன் எங்கே போவது, எதை வாங்குவது?

அட்டன் டீச்சர் (கேள்வி)

அடுத்த மாதம் என் அம்மாவை அழைத்துக்கொண்டு மெல்பேர்ணில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போகிறேன். நேரடி விமானத்தைவிடச் சிங்கப்பூர் வழியாகச் செல்லும் பயணச்சீட்டு எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது. போகும்போது சாங்கி விமான நிலையத்தில் ஏழு மணித்தியாலக் காத்திருப்பு மட்டும்தான். திரும்பும்போதோ ஒரு சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அங்கே இறங்கி, ஞாயிறு இரவு பத்தரை மணிக்குத்தான் கட்டுநாயக்கவுக்கு விமானம் ஏறுகிறோம். இடையில் கிடைக்கும் இந்த ஒன்றரை நாளை எப்படிச் செலவிடுவது என்பதில் வீட்டில் ஆளுக்கு ஒரு கருத்து இருப்பதால், போய் வந்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பல்லாண்டுகள் மலையேறிக் கொழுந்து பறித்தவர் என்பதால் நடப்பதற்கு அஞ்சமாட்டார். ஆனாலும் இப்போது முழங்கால் வலி இருக்கிறது. படி இறங்குவதுதான் அவருக்குப் பெரும் சிரமம். ஒரு வேளையாவது சோறு இருக்க வேண்டும், இடையிடையே வெற்றிலை போட வேண்டும். அவருடைய விருப்பங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, அங்குள்ள மாரியம்மன் கோயிலில் கும்பிட வேண்டும். மற்றொன்று, எங்கள் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் வந்து சொல்லும் அந்த முஸ்தபா கடையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எனக்கு ஆசை, கடலோரத்தில் இரவில் ஒளிரும் அந்தப் பெரிய செயற்கை மரங்களைப் பார்ப்பது.

வாங்க நினைப்பவை: உறவினர்களுக்கு நான்கைந்து சேலைகள், அக்கா மகனுக்கு ஒரு கையடக்கத் தொலைபேசி, பிள்ளைகளுக்குச் சொக்லேட், அயலவர்களுக்குக் கோடாலித் தைலம். முடிந்தால் வீட்டு முற்றத்துக்கு ஓர் ஓர்க்கிட் செடியும் வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தங்குமிடச் செலவு நீங்கலாக 400 சிங்கப்பூர் டொலர் வரை ஒதுக்கியிருக்கிறோம்.

விமான நிலையத்துக்கு அருகில் தங்குவது நல்லதா, நகருக்குள் தங்குவது நல்லதா? இந்தப் பட்டியலில் சிங்கப்பூரில் வாங்கத் தக்கது எது, இங்கேயே வாங்கிக்கொள்ளத் தக்கது எது? அம்மாவை அலைக்கழிக்காமல் எத்தனை இடங்களைப் பார்க்க முடியும்? அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

கொட்டகலையான்

டீச்சர், இடங்களைப் பற்றி யோசிப்பதற்கு முன் பெட்டிகளைப் பற்றி முடிவெடுங்கள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். இரண்டு விமானங்களுக்கு இடைப்பட்ட நேரம் 24 மணித்தியாலத்தைத் தாண்டும்போது, மெல்பேர்ணில் ஒப்படைக்கும் பெட்டிகளை வழமையாகக் கட்டுநாயக்கவரை நேரே அனுப்பமாட்டார்கள். சிங்கப்பூரிலேயே உங்களிடம் தந்துவிடுவார்கள். இருந்தாலும் உங்கள் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பெட்டிகள் நேரே போய்விட்டால், சிங்கப்பூரில் வாங்கும் அனைத்தையும் கையில் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். அப்போது 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தைலமோ வாசனைத் திரவியமோ பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. பெட்டிகள் உங்கள் கைக்கு வந்தால், அவற்றை நகருக்குள் இழுத்துச் செல்ல வேண்டாம். விமான நிலையத்திலேயே கட்டணம் செலுத்திப் பொதிகளை வைக்கும் இடங்கள் உண்டு. ஓர் இரவுக்குத் தேவையான உடையை ஒரு சிறிய பையில் எடுத்துக்கொண்டால் போதும்.

இலங்கைக் கடவுச்சீட்டில் குறுகிய காலப் பயணமாகச் சிங்கப்பூருக்குள் நுழைய முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் குடிவரவு ஆணையத்தின் தளத்திலேயே அதை இலவசமாக நிரப்பலாம். அதே வேலைக்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் பல இருப்பதால் கவனம் தேவை. மெல்பேர்ணில் தங்கையின் வீட்டிலிருந்தே இதை முடித்துவிட்டு ஏறுங்கள்.

போகும்போது ஏழு மணித்தியாலம் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 24 மணித்தியாலத்தைத் தாண்டாமலும் காத்திருக்கும், விமானம் மாறும் பயணிகளுக்கு, சாங்கியில் இலவச நகர்ச் சுற்றுலா ஒன்றை நடத்துகிறார்கள். சுமார் இரண்டரை மணித்தியாலம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி முக்கியமான இடங்களைக் கண்டுவிட்டு வரலாம். உங்கள் இறங்கும் நேரம் அதற்குப் பொருந்தினால் போகும்போதே அதில் சேர்ந்துவிடுங்கள். திரும்பும்போது 24 மணித்தியாலத்தைத் தாண்டிவிடுவதால் அந்த வசதி கிடைக்காது.

தங்குவதற்கு நான் லிட்டில் இந்தியாவையே சொல்வேன். சோறும் கோயிலும் கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வேறு பகுதி அங்கே இல்லை. அறைகள் மிகச் சிறியவை. விலை மலிவாக இருந்தால் யன்னலே இல்லாத அறையாக இருக்கக்கூடும். ஆகையால் பதிவு செய்யுமுன் யன்னல் உண்டா, மின்தூக்கி உண்டா என்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு முஸ்தபா, ஞாயிறு காலை கோயில், ஞாயிறு மாலை கடலோர விளக்குகள் என்று வைத்துக்கொண்டால் நேரம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்க் குளிருக்குப் பழகிய உடம்புக்கு அந்த ஊர் வெக்கை முதல் அரை மணித்தியாலத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அம்மாவின் சுவெட்டரைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். கடைகளுக்குள்ளும் ரயிலுக்குள்ளும் குளிரூட்டியை நுவரெலியாவின் டிசம்பர் அளவுக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். ஆகவே நீங்கள் கட்டுநாயக்கவில் இறங்கும்போது நள்ளிரவாகிவிடும். இரண்டு நாள் அலைந்த அம்மாவை உடனே வான் வண்டியில் ஏற்றி, அந்த இருட்டில் கித்துல்கலை, கினிகத்தேனை வளைவுகளில் கொண்டுவராதீர்கள். மழைக்காலமாக இருந்தால் மண்சரிவுப் பயமும் உண்டு. நீர்கொழும்புப் பக்கம் தங்கிவிட்டு விடிந்த பிறகு புறப்படுவதே நல்லது.

ஈசூன்வாசி

நான் பொகவந்தலாவையைச் சேர்ந்தவன். சில ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். கொட்டகலை ஐயா சொன்னவற்றில் நேர ஒழுங்கை மட்டும் மாற்ற வேண்டும். கடலோரப் பூங்காவில் மரங்களின் ஒளி, இசைக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும்தான் நடைபெறும். ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு விமானம் என்றால், அந்த நேரத்தில் நீங்கள் சாங்கியில் இருக்க வேண்டும். ஆகவே விளக்குகளைச் சனிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள். முஸ்தபாவை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். முன்பு 24 மணி நேரமும் திறந்திருந்த அந்தக் கடை இப்போது காலை ஒன்பதரை மணியளவில் திறக்கிறது. ஞாயிறு காலையில் கூட்டம் குறைவாகவும் இருக்கும்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் இருப்பதை உங்கள் அம்மாவுக்காகத் தவிர்க்கச் சொல்வேன். தீவெங்கும் கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் எங்களைப் போன்ற பல்லாயிரம் பேருக்கு வாரத்தில் அது ஒரு நாள்தான். பணம் அனுப்புவது, ஊர்க்காரரைச் சந்திப்பது, வயிறாரச் சாப்பிடுவது எல்லாம் அந்த மாலையில்தான். பயப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஆகாது.

தங்குமிடத்தைத் தேடும்போது லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். நீங்கள் போக நினைக்கும் இடங்கள் எல்லாமே வரைபடத்தில் நீல நிறத்தில் இருக்கும் டவுன்டவுன் பாதையில்தான் வருகின்றன. லிட்டில் இந்தியாவில் ஏறினால் நான்காவது நிலையம் பேபிரண்ட். அங்கேதான் விளக்கு மரங்கள். அதே பாதையில் இன்னும் மூன்று நிலையங்கள் போனால் சைனாடவுன். எங்கும் வண்டி மாற வேண்டியதில்லை. எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. பெரும்பாலும் அது ஏதாவதொரு மூலையில் இருக்கும் என்பதால், அவசரப்படாமல் அடையாளப் பலகையைப் பார்த்துப் போங்கள். விசா, மாஸ்டர்கார்ட் அட்டையைத் தொட்டே பயணம் செய்யலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். சாங்கியிலிருந்து வரும்போது மட்டும் தானா மேராவிலும் பூகிஸிலும் மாற வேண்டியிருக்கும். கட்டணம் இரண்டு மூன்று வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டொலரை இங்கே வெள்ளி என்போம்) அடங்கும். ஆனால் பல மணி நேரம் பறந்து வந்த அம்மாவுடன் அந்த ஒரு பயணத்துக்கு டாக்சி பிடித்துவிடுங்கள். ஏறத்தாழ 25 முதல் 35 வெள்ளி ஆகலாம்.

மாரியம்மன் கோயில் சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. 1819இல் ராபிள்சுடன் சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோயில். இந்நாட்டின் இந்துக் கோயில்களில் இதுவே பழமையானது. ஐப்பசியில் நடக்கும் தீமிதி இங்கே பெயர் பெற்றது. சிராங்கூன் சாலையில் உள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமாக நடந்து வந்து, நம் தோட்டத்துத் திருவிழாவில் பார்ப்பதைப் போலவே பூக்குழி இறங்குவார்கள். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அங்கே போய்விட்டால் வெயிலுக்கு முன் கும்பிட்டுவிடலாம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே சாலையில் சூலியா எனப்படும் தென்னிந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி 2007இல் திறந்த புத்தர் தந்தக் கோயிலும் இருக்கின்றன. கண்டித் தலதா மாளிகையைப் பார்த்திருக்கும் அம்மா இதையும் ஒரு பார்வை பார்க்க விரும்பக்கூடும்.

வெற்றிலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுதான் முக்கியம். மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் தடை செய்யப்பட்ட பொருள். ஒரு துண்டுகூட அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கக் கூடாது. சூயிங் கம்மும் அப்படியே. வெற்றிலையும் பாக்கும் தேக்கா சந்தைப் பக்கமுள்ள பூக்கடைகளில் கிடைக்கும்; அன்றைய தேவைக்கு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தெருவில் துப்பினால் அபராதம் என்பதால் கையில் ஒரு மூடி போட்ட டப்பா வைத்திருங்கள். ரயிலுக்குள் எதையும் வாயில் போடக் கூடாது. தண்ணீர் குடித்தாலும் குற்றம்தான். அபராதம் 500 வெள்ளிவரை போகலாம்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கும் கோமள விலாசில் வாழையிலைச் சோறு கிடைக்கும். தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் இன்னும் மலிவாகச் சாப்பிடலாம்.

முஸ்தபாவுக்குள் நுழையும்போது கையில் உள்ள பைகளைப் பிளாஸ்டிக் நாடாவால் கட்டிவிடுவார்கள். அது அங்கே வழக்கம், தவறாக எண்ண வேண்டாம். பல மாடிகள், மிக நெருக்கமான இடைவழிகள். முழுவதையும் சுற்றிப் பார்க்க நினைத்தால் அம்மா சோர்ந்துவிடுவார். மருந்து, தைலம், சொக்லேட் பகுதிகளை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கோடாலித் தைலம் 1928 முதல் சிங்கப்பூரிலேயே தயாராகும் பொருள். சிறிய புட்டிகள் சேர்ந்த கட்டுகளாகக் கிடைக்கும், ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க அதுவே வசதி.

பணத்தை மெல்பேர்ணிலிருந்து அவுஸ்திரேலிய டொலராகவே கொண்டுவந்து, லிட்டில் இந்தியாவில் உள்ள நாணய மாற்றுக் கடைகளில் மாற்றலாம். இலங்கை ரூபாயைக் கொண்டுவந்து மாற்ற நினைத்தால் நட்டம்தான் மிஞ்சும்.

வரியைத் திரும்பப் பெறும் திட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொருள், சேவை வரி 2024ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து 9 வீதம். ஒரே கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கி, கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்துகொண்டால், புறப்படும்போது விமான நிலைய இயந்திரத்தில் அந்த வரியைக் கோரலாம். 100 வெள்ளிப் பொருளில் அடங்கியிருக்கும் வரி 8 வெள்ளி 26 காசு. அதிலும் சேவைக் கட்டணம் போய்விடும். ஆகவே வரி திரும்பி வரும் என்பதற்காகவே பட்டியலை நீட்ட வேண்டாம். கோருவதாக இருந்தால், பொருட்களைப் பெட்டியில் வைத்து ஒப்படைப்பதற்கு முன்பே இயந்திரத்துக்குப் போக வேண்டும். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லும்போது பெட்டி உள்ளே போயிருந்தால் கோரிக்கையும் அத்துடன் போய்விடும்.

பண்டாரவளை வியாபாரி

துணி வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சேலையை அங்கே வாங்காதீர்கள். சிராங்கூன் வீதியில் தொங்குபவையும் கண்டியிலும் புறக்கோட்டையிலும் தொங்குபவையும் பெரும்பாலும் ஒரே இந்திய நகரங்களிலிருந்து வருபவைதான். சிங்கப்பூரில் கடை வாடகையும் ஆட்கூலியும் சேர்ந்த விலையை நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் எல்லாம் மலிவு என்று நம் தோட்டங்களில் நிலவும் எண்ணம், இங்கே இறக்குமதிப் பொருட்களே கிடைக்காத காலத்தில் உண்டானது. இன்று அந்த விலை வித்தியாசம் பல பொருட்களில் இல்லை. சிலவற்றில் தலைகீழாகவே இருக்கிறது.

கையடக்கத் தொலைபேசியையும் தவிர்க்கவே சொல்வேன். பழுதானால் உத்தரவாதத்துக்கு எங்கே போவீர்கள்? இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவு விதிகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வாங்கியே ஆக வேண்டுமென்றால், தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தக் காட்சியறையிலோ விலை எழுதி ஒட்டிய பெரிய கடையிலோ வாங்குங்கள். சிம் லிம் ஸ்குவேர் என்ற மின்னணுப் பொருள் கட்டடத்தில் நல்ல கடைகளும் உண்டு. ஆனால் 2014இல் வியட்நாம் சுற்றுலாப் பயணி ஒருவர் அங்குள்ள கடையொன்றில் தொலைபேசி வாங்கி ஏமாந்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு முழந்தாளிட்ட காணொளி உலகம் முழுவதும் பரவியது. விலையைச் சொல்லிவிட்டு, பணத்தை வாங்கிய பிறகு உத்தரவாதக் கட்டணம் என்று தனியாக ஒரு தாளை நீட்டுவதுதான் அந்தக் கடையின் தந்திரம். அவசரத்தில் இருக்கும் பயணிதான் இதற்கு எளிதாக அகப்படுவார்.

ஓர்க்கிட் செடி வேண்டவே வேண்டாம். உயிருள்ள செடியையோ விதையையோ இலங்கைக்குள் கொண்டுவர, தாவரத் தொற்றுத் தடுப்புப் பிரிவின் அனுமதி முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுநாயக்கவில் பறித்துவிடுவார்கள். சுங்கத் தீர்வை இல்லாமல் கொண்டுவரக்கூடிய பெறுமதியும் நீங்கள் வெளிநாட்டில் தங்கிய காலத்தைப் பொறுத்தது. குறுகிய பயணத்துக்கு அது சிறிய தொகைதான்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பெருங்கடைத் தொகுதிகளில் 1837 என்ற ஆண்டைப் பொறித்த அழகான மஞ்சள் டப்பாக்களில் தேயிலை விற்பதைப் பார்ப்பீர்கள். அந்த நிறுவனமே 2008இல் தொடங்கியதுதான். 1837 சிங்கப்பூரில் வர்த்தக சங்கம் உருவான ஆண்டாம். நம் மலைத் தேயிலையும் அங்கே உண்டு. விலையை அம்மாவுக்குச் சொல்லாமல் இருப்பது அவருடைய இரத்த அழுத்தத்துக்கு நல்லது.

என் கருத்தில், ஒதுக்கிய 400 டொலரில் 100 டொலருக்கு மேல் கடையில் செலவழிக்காதீர்கள். மீதியை டாக்சிக்கும் நல்ல அறைக்கும் கொடுங்கள். பேராதனையும் ஹக்கலையும் அருகில் இருக்கும்போது அங்கே போய்ப் பூங்கா பார்ப்பதும் தேவையற்றது.

பேராதனை மாணவி

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன், ஐயா. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவும் நீலப் பாதையிலேயே, லிட்டில் இந்தியாவிலிருந்து மறு திசையில் மூன்றாவது நிலையமாக இருக்கிறது. அனுமதி இலவசம், ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பூங்கா அது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைப் பார்க்க ஒரு தனிக் காரணமும் உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன இறப்பர் விதைகள் அங்கே முளைத்தன. அந்தக் கன்றுகளில் மிகப் பெரும் பகுதி இலங்கைக்கு வந்து கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடையில் வளர்ந்தது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. 1888இல் அந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கேதான் வகுத்தார். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்கள் அதன் பிறகு எழுந்தவை. இங்கே தேயிலைக்காக மலையேறியவர்களைப் போலவே, அங்கே இறப்பருக்காகக் கப்பல் ஏறியவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்களே.

ஆனால் டீச்சரின் அம்மாவுக்கு இது பொருந்துமா என்பது வேறு கேள்வி. ரயில் நிலைய வாயிலிலிருந்து ஓர்க்கிட் தோட்டம் ஒரு கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். நடந்துதான் போக வேண்டும். முழங்கால் வலி இருந்தால், நிலையத்துக்கு அருகிலேயே கொஞ்ச நேரம் மரநிழலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம்.

அட்டன் டீச்சர்

எழுதிய அனைவருக்கும் மிகவும் நன்றி. விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டேன். பெட்டிகள் சிங்கப்பூரில் எங்கள் கைக்கு வரும் என்று பதில் வந்திருக்கிறது. சேலைகளையும் தொலைபேசியையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். அக்கா மகன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். ஓர்க்கிட்டைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது, நுவரெலியாவிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அவரே முடித்துவிட்டார். புகையிலையைப் பற்றிய செய்தியைக் கேட்டுத்தான் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

சனிக்கிழமை மாலை விளக்கு மரங்கள், ஞாயிறு அதிகாலை மாரியம்மன் கோயில், ஒன்பதரைக்கு முஸ்தபா, நண்பகலில் அறையைக் காலி செய்வது என்று வைத்துக்கொள்கிறேன். தாவரவியல் பூங்காவைச் சேர்த்தால் அம்மா களைத்துவிடுவார் என்பதால், மனமில்லாமல் விட்டுவிடுகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. விளக்குக் காட்சியைப் பார்க்க அம்மா உட்கார இடம் இருக்குமா? ஞாயிறு பிற்பகல் அறையைக் காலி செய்ததிலிருந்து விமானம் வரையுள்ள நேரத்தை எங்கே கழிப்பது?

ஈசூன்வாசி

7.45 காட்சிக்கு ஏழு மணிக்கே போய்விடுங்கள் டீச்சர். மரங்களுக்கு நடுவே உள்ள திறந்த வெளியில் சுற்றுச்சுவர் போன்ற தாழ்வான திண்ணைகள் இருக்கின்றன. முன்னதாகப் போனால் இடம் கிடைக்கும். பலர் தரையில் விரிப்புப் போட்டுப் படுத்தபடியே பார்ப்பார்கள். இந்தக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. பக்கத்தில் உள்ள கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் கட்டணம். அவற்றில் மலைக்காட்டைப் போல மூடுபனி விட்டுக் காட்டும் கூடம் ஒன்று உண்டு. அட்டனிலிருந்து வருபவர்கள் மூடுபனிக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பேபிரண்ட் நிலையத்திலிருந்து மரங்கள்வரை நடக்கும் தூரம் அம்மாவுக்குச் சற்று அதிகம்தான். இடையிடையே நின்று போகவே அரை மணித்தியாலம் முன்னதாகப் புறப்படச் சொல்கிறேன்.

ஞாயிறு பிற்பகலுக்கு நகருக்குள் வேறு இடம் தேட வேண்டாம். சாப்பிட்டுவிட்டு டாக்சியில் நேரே சாங்கிக்குப் போய்விடுங்கள். 2019இல் திறந்த ஜுவல் கட்டடம் முதலாவது முனையத்துடன் ஒட்டியே இருக்கிறது. உள்ளே 40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியைச் சுற்றிக் குளிரூட்டிய தோட்டமும், உட்கார இடமும், கழிவறைகளும், உணவுக் கடைகளும் உண்டு. தலவாக்கலை வீதியில் டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பஸ் யன்னலிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உயரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் கூரைக்குள்ளிருந்து தண்ணீர் விழுவதை அம்மா நிச்சயம் ரசிப்பார். மாலை ஆறரை மணியளவில் பொதி வைத்த இடத்தில் பெட்டிகளை எடுத்து, கோடாலித் தைலத்தையும் சொக்லேட்டையும் அவற்றுள் வையுங்கள். வரி கோருவதாக இருந்தால் அந்த இயந்திரத்தை முடித்துக்கொண்டு, பிறகு பெட்டிகளை ஒப்படையுங்கள். நான்காவது முனையத்திலிருந்து உங்கள் விமானம் புறப்படுவதாக இருந்தால் மட்டும் அங்கே போக இலவச பஸ் ஏற வேண்டும். அதற்குக் கூடுதலாக அரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.